ரோகிணி வருகிறதா, போகிறதா?

கண்ணுகளா, நீங்கள் இரண்டு பேருமே இந்த வேலைக்கு வருவீர்கள் என்று நான் நினைத்ததில்லை. மகன் படக்கருவியை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். மகள் மேடையேறி விஞ்ஞானம் பேசுகிறாள். போன பொங்கல் நோம்பிக்கு உங்களோடு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண், "ஏனுங்க, கூட்டம் நம்ம மேல திரும்பிக்கிட்டா என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள். இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

நான் பேசப் போன காலம் முப்பதுகள். கோயமுத்தூர் மில்களுக்குப் பைக்காரா மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் ஊரை விட்டுக் கொஞ்சம் கிழக்கே போனால் இருட்டுத்தான். ஊர் ஊராகப் போய் விஞ்ஞானம் சொல்லும் எங்கள் சங்கத்தில், படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டும் ஒரு மாய லாந்தர் இருந்தது. உள்ளே கார்பைடு விளக்கு, முன்னால் உருப்பெருக்கிக் கண்ணாடி, நடுவில் கண்ணாடிப் படம் செருகும் சட்டம். எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டினால் திரை. காலரா, கம்புப் பயிர், வானம் என்று மூன்று பேச்சு எனக்குப் பாடம். லாந்தரைப் பார்த்துக்கொண்டவர் காதர் பாய். கோட்டைமேட்டில் தகர வேலை செய்கிற குடும்பம். அந்தக் கருவி எந்த ஊரில் மூச்சை நிறுத்தினாலும் அவர் கை பட்டால் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றில் எனக்குப் பிடித்தது வானம்தான். அதிலும் கடைசிப் பகுதி: ஒரு நட்சத்திரம் நம்மைப் பார்த்து வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை அதன் வெளிச்சத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பது. புத்தகத்தில் இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். கல்லூரியில் பௌதிகம் நடத்திய ஒருவர் எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தார். அவர் போட்ட கணக்கு எனக்குப் புரியவில்லை. நான் சந்தை வண்டியாக மாற்றிக்கொண்டேன்.

தாராபுரம் சந்தையிலிருந்து ஒருவர் நம் ஊருக்குச் சீரான இடைவெளியில் வண்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரே இடத்தில் நின்று அனுப்பினால் வண்டிகளும் அதே இடைவெளியில் வந்து சேரும். அவரே நம்மை விட்டு விலகி நடந்துகொண்டு அனுப்பினால் என்ன ஆகும்? ஒவ்வொரு வண்டிக்கும் முந்தின வண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம். இடைவெளி நீண்டுவிடும். நம்மைப் பார்த்து நடந்து வந்துகொண்டே அனுப்பினால் வண்டிகள் நெருங்கி வந்து சேரும். மாடு ஓடுகிற வேகம் ஒன்றுதான். இடைவெளிதான் மாறுகிறது. அனுப்புகிற ஆளை நாம் பார்க்கவே வேண்டாம். வண்டி வருகிற இடைவெளியைப் பார்த்து அவர் வருகிறாரா போகிறாரா என்று சொல்லிவிடலாம்.

வெளிச்சமும் அலை அலையாக வருகிறது. அலை நெருங்கினால் நிறம் ஊதாப் பக்கம் நகரும். விரிந்தால் சிவப்புப் பக்கம் நகரும். நட்சத்திரத்தின் வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடியில் பிரித்தால் அதில் கோடு கோடாகத் தெரியும். நட்சத்திரத்தில் இருக்கிற அதே வாயுவை இங்கே ஒரு விளக்கில் அடைத்து எரித்தாலும் அதே கோடுகள் தெரியும். இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். நட்சத்திரத்தின் கோடுகள் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தால் அது போகிறது. ஊதாவை நோக்கி நகர்ந்திருந்தால் வருகிறது.

இதை ஊராருக்குக் காட்ட ஒரு வழி செய்திருந்தேன். திரையின் ஒரு ஓரத்தில் ஊதாத் துணி, மறு ஓரத்தில் சிவப்புத் துணி தொங்கவிடுவேன். வலது, இடது என்று சொன்னால் எங்கள் பக்கம் எடுபடாது. பாதிப் பேர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். துணியைத் தொங்கவிட்டால் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஊதா ஊதாதான், சிவப்பு சிவப்புதான்.

தாராபுரத்துக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் எட்டாத ஒரு சிற்றூருக்குப் போயிருந்தோம். பாறை மண். பெண்கள் குடிதண்ணீருக்கு அடுத்த ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அங்கே அருக்காணி என்று ஒரு அம்மா, புருஷனை இழந்தவர். தன் கம்பங்காட்டின் ஓரத்தை ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி ஏறக்குறைய எல்லாரையும் சம்மதிக்க வைத்திருந்தார். மறுநாள் ரோகிணி நட்சத்திரம். கிணறு தோண்ட நல்ல நாள் என்று பூசைக்குக் குறித்திருந்தார்கள். பாறைக்கு வெடி வைக்கும் ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். நாளைக்கு ஆரம்பிக்காவிட்டால் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அப்புறம் எப்போது வருவார்களோ.

எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே அருக்காணி அம்மா சொன்னார்.

"பெரியதோட்டத்து முத்துச்சாமி மாமா ஒருத்தருதானுங்க இழுத்துப் புடிக்கறாரு. பக்கத்துல கெணறு தோண்டுனா அவரு கெணத்து ஊத்து இங்க வந்துருமோன்னு பயமுங்க. அதை வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நாளு சரியில்ல, தெச சரியில்லம்பாரு. அவரு வரலீன்னா அவரு பேச்சக் கேக்கற பத்து ஊடு வராது. பத்து ஊடு வரலீன்னா மண்ணுத் தூக்க ஆளில்ல."

நான் அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, "அப்படின்னா இன்னிக்கு ரோகிணியையே காட்டறேனுங்க" என்றேன். எங்களிடம் ரோகிணியின் வெளிச்சப் படம் இருந்தது. அது நம்மை விட்டு விலகிப் போகிற நட்சத்திரம். படத்தில் அந்த நகர்வைக் கண்ணுக்குத் தெரியும்படி நன்றாகப் பெரிதாக்கி வரைந்திருந்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. முத்துச்சாமியும் வந்து முன்வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். முதலில் விளக்கின் கோடுகளை மட்டும் காட்டினேன். அது கையால் நிறம் தீட்டிய படம். சிவப்புத் துணிப் பக்கம் ஒரு சிவப்புக் கோடு தனியாக நிற்கும். கொஞ்சம் தள்ளிப் பச்சை கலந்த நீலம். அப்புறம் ஊதாத் துணியை நெருங்க நெருங்க, கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும்.

"சீலைக் கொசுவம் மாதிரியல்ல இருக்குது!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கூட்டம். சந்தை வண்டிக் கதையைச் சொன்னேன். ஊதா என்றால் வரவு, சிவப்பு என்றால் போக்கு என்று கூட்டமே எனக்குத் திருப்பிச் சொன்னது.

பிறகு ரோகிணியைப் போடச் சொன்னேன். அது நிறம் தீட்டாத கறுப்பு வெள்ளைப் படம். மேலே நட்சத்திரத்தின் கோடுகள், கீழே விளக்கின் கோடுகள். நான் வாயைத் திறப்பதற்குள் அருக்காணி அம்மாவே ஆர்வம் தாங்காமல் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, மேல இருக்கற கோடு ஊதாப் பக்கமல்லங்க நவுந்திருக்குது? அப்ப ரோகிணி நம்மளப் பாத்து வருதுங்களா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கோடுகள் ஊதாப் பக்கம்தான் நகர்ந்திருந்தன.

படம் திரும்பியிருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. லாந்தரில் படத்தைத் தலைகீழாகச் செருக வேண்டும், முன்பின் மாறவும் கூடாது. அதற்காக ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கும். பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்துச் செருகினால் தப்பாது. வருகிற வழியில் வண்டி குலுங்கி ரோகிணிப் படத்தின் மேல்கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. காதர் பாய் மதியம் வேறு கண்ணாடி வைத்துக் கட்டினார். அப்போது பொட்டை மறுமுகத்தில் ஒட்டிவிட்டார். மாடோ மரமோ வரைந்த படமாக இருந்தால் திரும்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த ஒரு படத்தில் மட்டும், திரும்பினால் போகிற நட்சத்திரம் வருகிற நட்சத்திரம் ஆகிவிடும்.

முத்துச்சாமி எழுந்து நின்றார்.

"கேட்டீங்களா? நாஞ் சொல்லல. அம்மணியே சொல்லிப்போடுச்சு. நாளைக்கு எந்த நட்சத்திரத்துல பூச போடறமோ அந்த நட்சத்திரமே எறங்கி வருதாம். வானம் தலமேல வாரப்ப கெணறு எதுக்குங்க? பூசயத் தள்ளி வெச்சுப்போடலாம்."

பின்னால் இருந்து சில குரல்கள், "ஆமாங்க, அதுஞ் சரிதானுங்க" என்றன. அருக்காணி அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தன் வாயால் தன் கிணற்றை மூடிவிட்ட மாதிரி நின்றார்.

காதர் பாய் பதறிப்போய்ப் படத்தை உருவி, திருப்பிச் செருகினார். திரையில் கோடுகள் சிவப்புப் பக்கம் போயின. அது சரியான படம்தான். ஆனால் அந்த நேரத்தில் அதைவிடத் தப்பான காரியம் வேறு இல்லை.

"அடேங்கப்பா!" என்றார் முத்துச்சாமி. "இப்படிப் போட்டா வருது, அப்படிப் போட்டா போகுது. ஏனுங்க பாய், நட்சத்திரம் வானத்துல இருக்குதா, உங்க கையில இருக்குதா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "எங்கையாலதானுங்க தப்பு, பொட்டு மாறிப்போச்சு" என்று காதர் பாய் சொன்னார். "பொட்டு மாறுனதுக்கு நட்சத்திரம் மாறுமா பாய்?" என்று இன்னொருவர் கேட்டார். அதற்கும் சிரிப்பு.

அருக்காணி அம்மா என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். போகுதுன்னு அடிச்சுச் சொல்லிப்போடுங்க. போதும்."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். கூட்டம் திரும்பும்போது மூன்று யோசனை தானாக வரும். ஒன்று, குரலை உயர்த்துவது. இரண்டு, கூட வந்தவரைக் காட்டிக் கொடுத்துத் தப்பிப்பது. மூன்று, "வந்தாலும் பல லட்சம் வருஷம் ஆகும், பயப்படாதீர்கள்" என்று பேச்சை மாற்றுவது. மூன்றாவது பொய்கூட இல்லை. ஆனால் அதைச் சொன்னால், ரோகிணி வருவதாக நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அடித்துச் சொல்லலாம்தான். நான் அடித்துச் சொன்னால் முத்துச்சாமியும் அடித்துச் சொல்வார். அந்த ஊரில் அவர் சத்தம்தான் பெரிது.

சந்தேகப்படுகிறவன் கையிலேயே தராசைக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அப்போது தோன்றியது அது ஒன்றுதான். இன்றைக்கும் அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

"பாய், ரோகிணிய எடுத்துருங்க. மொதல்ல போட்ட நெறப் படத்தைப் போடுங்க" என்றேன். பிறகு முத்துச்சாமியைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, சித்த திரைகிட்ட வாங்க. நான் பேசலீங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வந்தார். வராமல் இருக்க முடியாது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் படம் திரும்பியிருக்குதுங்களா, நேரா இருக்குதுங்களா?"

அவர் உற்றுப் பார்த்தார். "செவப்புக் கோடு செவப்புத் துணிகிட்ட இருக்குது. நேராத்தான் இருக்குது."

"கொசுவம் எந்தப் பக்கமுங்க?"

"ஊதாப் பக்கம்."

"அந்தக் கொசுவத்து மேல கைய வைங்க. எடுக்காம அப்படியே நில்லுங்க. பாய், ரோகிணிய மொதல்ல எப்படிப் போட்டீங்களோ அதே மாதிரி போடுங்க. கீழ்வரிசை இருக்குதல்லங்க, அது இதே வெளக்கோட கோடு. வெளக்கு ஒண்ணுதான்."

படம் மாறியது. முத்துச்சாமியின் கைக்குக் கீழே தனியாக ஒரே ஒரு கோடு, சுற்றி வெறும் வெள்ளை. நெருங்கிய கோடுகள் எல்லாம் மறுகோடியில், சிவப்புத் துணியின் பக்கம் இருந்தன. அவர் தன் கையைப் பார்த்தார், மறுகோடியைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அந்த நேரத்தில் சுலபம் என்று நினைக்காதீர்கள்.

"கொசுவம் அங்க போயிருச்சே" என்று யாரோ கத்தினார்கள்.

"அட சும்மா இருங்கப்பா, பாக்கறனல்ல" என்றார் முத்துச்சாமி. இன்னும் கொஞ்சம் பார்த்தார். அப்புறம் அவரே சொன்னார். "வெளக்கு மாறாது. அப்பப் படந்தான் திரும்பியிருக்குது. பாய், திருப்பிப் போடுங்க."

காதர் பாய் திருப்பிப் போட்டார். கொசுவம் அவர் கைக்குக் கீழே வந்து நின்றது. மேலே ரோகிணியின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன.

"போகுது" என்றார். சத்தமாகவே சொன்னார். அவரைப் பற்றி இதை நான் மரியாதையோடுதான் எழுதுகிறேன். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லவில்லை.

கூட்டம் கலகலத்தது. அருக்காணி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் லாந்தரை அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன். முத்துச்சாமி விடவில்லை.

"இருங்க வாத்தியாரே. ரோகிணி போகுது, சரி. நீங்க இத்தன படிச்சிருக்கறீங்க. வானத்துல ஒண்ணுகூடவா நம்மளப் பாத்து வரல?"

அவர் குதர்க்கத்துக்காகக் கேட்கவில்லை. கை வைத்துப் பார்த்தவனுக்கு வருகிற அடுத்த கேள்வி அது. அருக்காணி அம்மா எனக்குத் தலையை ஆட்டிக்காட்டினார், வேண்டாம் என்று. 'ஒன்றுமில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விடிந்தால் கிணறு. பொய் என்று கண்டுபிடிக்க அந்த ஊரில் யாரும் இல்லை.

ஆனால் இப்போதுதான் ஒருவர் நம் படத்தின் மேல் கை வைத்து உண்மையைச் சொன்னார். தனக்கு ஆகாத உண்மை என்று தெரிந்தே சொன்னார். அவருக்கு நான் திருப்பிப் பொய்யைக் கொடுப்பதா?

"வருதுங்க" என்றேன். "தனியாச் சில நட்சத்திரங்க வருது. அது போக, வடக்கு வானத்துல பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலா ஒண்ணு தெரியும். அது மேகமில்லீங்க. கணக்கே இல்லாத நட்சத்திரக் கூட்டம். அந்தக் கூட்டமே நம்மளப் பாத்துத்தான் வந்துக்கிட்டு இருக்குது. அதோட வெளிச்சம் இங்க வந்து சேரவே பல லட்சம் வருசம் ஆகுதுங்க. அது வந்து சேர எத்தன காலம் ஆகுமோ, எனக்குச் சொல்லத் தெரியாது."

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. பத்து வீட்டு ஆட்களும் முத்துச்சாமியின் முகத்தைப் பார்த்தார்கள். கிணறு கையை விட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அருக்காணி அம்மா முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. முத்துச்சாமியைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏனுங்க மாமா, நம்ம ஊட்டுக்கு யாராச்சும் வந்தா மொதல்ல என்னங்க குடுப்போம்?"

"இதென்ன கேள்வி? தண்ணி."

"ஒருத்தர் வந்தாலே ஒரு சொம்பு வேணும். அங்க ஒரு கூட்டமே கெளம்பி வருதாமா. வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெச்சுப்போட்டு, தண்ணிக்கு அடுத்த ஊருக்கு ஓடறதுங்களா? நம்ம ஊரு மானம் என்னங்க ஆவறது?"

முதலில் பெண்கள் பக்கம்தான் சிரித்தது. அது அப்படியே பரவி, திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் வரைக்கும் போனது. முத்துச்சாமியும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம், அத்தனை பேர் நடுவில், அதுவரை வாய் திறந்து சொல்லாததைச் சொன்னார்.

"அம்மணி, வானம் கெடக்குது உடு. நீ இங்க தோண்டுனா எம்பட கெணத்து ஊத்து வத்திப்போச்சுன்னா? அதுக்கு யாரு பதில் சொல்றது? வாத்தியாரு சொல்லுவாரா?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "மண்ணுக்குள்ள ஊத்து எப்படி ஓடுதுன்னு நான் படிக்கலீங்க."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தெரியாது என்று சொன்னதில் அவருக்குக் கோபம் இல்லை. தெரிந்ததைச் சொன்னபோது இருந்ததைவிட அப்போதுதான் என்னை நம்பினார் என்று எனக்குப் பட்டது.

அருக்காணி அம்மா சொன்னார். "நாஞ் சொல்றனுங்க மாமா. ஊருக்கு முன்னால சொல்றேன். உங்க கெணறு வத்துனா, உங்க ஊட்டுக்கும் உங்க மாடு கன்னுக்கும் இந்தக் கெணத்துல மொதத் தண்ணி. உங்களுது எடுத்த பின்னாலதான் நான் கொடத்தத் தூக்குவேன்."

முத்துச்சாமி தன் பேச்சைக் கேட்கிற அந்தப் பத்து வீட்டு ஆட்களின் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கறீங்க? ஊட்டுக்குப் போய்ப் படுங்க. வெடி வெச்சதும் கல்லு இழுக்கோணும். காலைல எம்பட காளைங்களப் பூட்டிக்கிட்டு வாரேன். பின்னாலயே வந்து சேருங்க."